முகப்பைத் தாண்டிப் பாருங்கள்: பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் முகப்பிலேயே நின்றுவிடுவார்கள். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கண்ணைப் பிடித்து நிறுத்திவிடும். எங்கள் அப்பத்தா மட்டும் சம்பந்தம் பேசப் போனால், தண்ணீர் கேட்கிற சாக்கில் நேரே பின்கட்டுக்குப் போய்விடும். அடுப்படி, பாத்திரம் கழுவுகிற இடம், கொல்லை மூன்றையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு வந்துதான் பேச்சையே ஆரம்பிக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அப்பத்தா கணக்குதான்.

பிறந்த குழந்தைகள் வார்டில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது தேவகோட்டைப் பக்கம் சொந்த ஊரோடு வந்துவிட்டேன். மாதம் இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். "அக்கா, மகளுக்கு எட்டு மாசம் முடியுது. எங்கே சேர்க்கலாம்?" நான் பெயர் சொல்வதில்லை. காலை பத்து மணிக்கு நன்றாக இருக்கிற ஆஸ்பத்திரி ராத்திரி இரண்டு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். கைதேர்ந்த நர்ஸ் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால், போன வருடம் நன்றாக நடந்த வார்டு இந்த வருடம் தடுமாறும். அதனால் எதைப் பார்க்கவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பேன். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் இறப்பவை இந்திய அளவில் 20, தமிழ்நாட்டில் 9. நாம் நல்ல நிலையில்தான் இருக்கிறோம். மிச்சமிருக்கும் இறப்புகளுக்கும் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: மாதம் முந்திப் பிறப்பது, பிறக்கும்போது மூச்சுத் திணறுவது, கிருமித் தொற்று. ஆக, ஒரு ஆஸ்பத்திரியிடம் நாம் தேடவேண்டியது இதுதான். குழந்தையை மூச்சுவிட வைக்கத் தெரியுமா, சூடு குறையாமல் வைத்திருக்கத் தெரியுமா, கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வார்களா, தாய்ப்பால் கொடுக்க உதவுவார்களா, தங்களால் முடியாதபோது நேரத்தோடு பெரிய இடத்துக்கு அனுப்புவார்களா? ஏ.சி. அறையும் டி.வி.யும் இந்தப் பட்டியலில் வராது.

முதல் படி: உங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு எந்த அளவு வசதி தேவை?

எல்லா ஆஸ்பத்திரியும் எல்லாக் குழந்தைக்கும் போதுமானது இல்லை. அரசு அமைப்பில் இதற்கு அடுக்கடுக்காக ஏற்பாடு உண்டு. பிரசவம் நடக்கிற எந்த இடமாக இருந்தாலும், பிறந்த குழந்தையைக் கவனிக்க, சூடு கொடுக்கும் வார்மரும் மூச்சு கொடுக்கும் கருவியும் வைத்த ஒரு மூலை இருக்கவேண்டும். அதற்கு அடுத்தது, லேசாக நோய்ப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவு. அதற்கும் மேலே எஸ்.என்.சி.யு. என்கிற சிறப்புப் பச்சிளம் குழந்தைகள் பிரிவு. 1.8 கிலோவுக்குக் குறைவான குழந்தையும் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையும் அங்கேதான் போகவேண்டும். வென்டிலேட்டர் வைத்துப் பார்க்கிற முழு என்.ஐ.சி.யு., அதாவது பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, கடைசி அடுக்கு.

நம் பக்கத்து நிலவரத்தை மனத்துக்குள் ஒரு வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி, திருமயம் என்று எங்கே பிரசவம் வைத்தாலும், அடுத்த பெரிய படி சிவகங்கை அல்லது புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காரைக்குடியிலிருந்து இரண்டுக்குமே ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்கும் மேலே என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை அல்லது திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பச்சிளம் குழந்தைக்கு அந்த இரண்டு மணி நேரம் ரொம்பப் பெரிசு.

இரட்டைக் குழந்தை, தாய்க்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, நெகட்டிவ் ரத்த வகை, முன்னால் குறைமாதப் பிரசவம் அல்லது குழந்தை தவறியது, ஸ்கேனில் குழந்தைக்கு ஏதோ குறை என்று சொன்னது: இதில் ஒன்று இருந்தாலும் என்.ஐ.சி.யு. உள்ள கட்டடத்திலேயே பிரசவம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அங்கே கொண்டுபோவது எவ்வளவோ மேல். தாயின் வயிற்றுக்கு ஈடான ஆம்புலன்ஸை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

34 வாரத்துக்கு முன் வலி வந்தால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா?" வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை சொற்பம், பலன் பெரிது. இதைக் கேட்காமலே போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கும் போன் செய்துவிட்டுத் தாயை அனுப்புகிற சிறிய ஆஸ்பத்திரி எனக்குத் தெரிந்து உண்டு. அந்த இடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. பெண் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பாள். செக்கப் எல்லாம் அங்கே நடக்கும். ஒன்பதாம் மாதம் தாய் வீட்டுக்கு வந்து காரைக்குடியில் பிரசவம். பெண் வந்துவிடுவாள், ஃபைல் அங்கேயே அலமாரியில் தூங்கும். ஸ்கேன், ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் முடிவுகள் எல்லாம் பெட்டியில் முதலில் ஏறவேண்டிய சாமான். தாய்க்கு காமாலை பி இருந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் போடவேண்டும். பிறந்த பிறகு சென்னைக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அப்படியே கிராம சுகாதார செவிலியரிடம் போய், பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.

இரண்டாம் படி: நேரில் போய்ப் பார்ப்பது

எட்டாம் மாதத்தில் போங்கள். காலை ஓ.பி. நேரத்தில் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேலே, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சொந்தக்காரர் யாரையாவது பார்க்க வந்த மாதிரி போனாலே போதும்.

முதலில் கை கழுவுகிற தொட்டியைத் தேடுங்கள். குழந்தைகள் இருக்கிற அறையின் வாசலிலேயே அது இருக்கவேண்டும். குழாய் முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது. சோப்பு இருக்கிறதா? துடைக்கத் தனித்தனித் துணியோ பேப்பரோ இருக்கிறதா, இல்லை ஆணியில் ஒரே ஈரத் துண்டு தொங்குகிறதா? அந்த ஈரத் துண்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கழுவிய கையை அதில் துடைப்பதும் கழுவாமலே இருப்பதும் ஒன்றுதான். அப்புறம் தொட்டியின் அடியைப் பாருங்கள். பத்துக் குழந்தை இருக்கிற வார்டில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டி காய்ந்துபோய்க் கிடந்தால், காலையிலிருந்து அங்கே யாரும் கை கழுவவில்லை. சுவரில் கை கழுவும் ஆறு முறைகளும் கலர் படமாக ஒட்டியிருக்கும். படம் பொய் சொல்லலாம், தொட்டி சொல்லாது.

பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். ஒரு நர்ஸ் உள்ளே போகும்போது வாட்ச், வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை கையை வெறுமையாக்கிக் கொள்கிறாரா? சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி ஆகவேண்டும். மருந்துத் திரவத்தைத் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி. ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டு அடுத்த குழந்தையைத் தொடுவதற்கு முன்னாலும் இதே வேலை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவரும் கழுவுகிறாரா என்று பாருங்கள். அவர் கழுவாத இடத்தில் மற்றவர்கள் கழுவமாட்டார்கள். இது நான் வேலை பார்த்த அத்தனை வார்டிலும் கண்ட உண்மை.

அடுத்து, கேட்கவேண்டிய கேள்விகள். பிரசவத்தின்போது குழந்தைக்கென்று தனியாக ஒரு ஆள் நிற்பாரா? நூறு குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 85 தானாக மூச்சுவிட்டு அழும். பத்துக்குத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். ஐந்து குழந்தைக்கு மாஸ்க் வைத்து, பையை அமுக்கி மூச்சு கொடுக்கவேண்டி வரும். அந்த ஐந்தில் ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், முன்கூட்டித் தெரியாது. அந்த மூச்சு முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்கவேண்டும். ஒரு நிமிடம் என்றால், ஆளைக் கூப்பிட்டு, சாவி தேடி, அலமாரி திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் தயங்காமல் கேளுங்கள்: "அம்மா, குழந்தை அழலைன்னா மூச்சு கொடுக்குற பை எங்கே வச்சிருக்கீங்க?" நல்ல இடமாக இருந்தால் நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக் காட்டுவார். "அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால், டாக்டர் ராத்திரி எங்கே இருப்பார் என்பது உங்கள் அடுத்த கேள்வி. ட்யூட்டி டாக்டர் கட்டடத்திலேயே தங்குகிறாரா, குழந்தை மருத்துவர் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார், சிசேரியன் என்றால் அவர் முன்னாலேயே வந்து நிற்பாரா?

கரண்ட் போனால் வார்மர் ஓடுமா என்று கேளுங்கள். நம் ஊருக்கு இது அவசியமான கேள்வி.

சான்றிதழ்களையும் பாருங்கள். பிரசவ அறைத் தரத்துக்காக 2017இல் மத்திய அரசு தொடங்கியது லக்ஷ்யா திட்டம். குழந்தைகள் பிரிவுக்காக 2021இல் வந்தது முஸ்கான். தனியார் இடங்களில் என்.ஏ.பி.எச். என்கிற மருத்துவமனைத் தரச் சான்று இருக்கும். மாட்டியிருந்தால் நல்ல அடையாளம். எந்தத் தேதி வரை செல்லும் என்று கீழே சிறிய எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். அதே சுவரில் பவுடர் பால் கம்பெனி காலண்டரோ போஸ்டரோ தொங்கினால் எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை பாதி போய்விடும். மருத்துவமனையில் பவுடர் பாலை விளம்பரப்படுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மூன்றாம் படி: முதல் ஒரு மணி நேரம்

ஆஸ்பத்திரியின் தரம் மொத்தமும் தெரிவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். எப்படி நடக்கவேண்டும் என்று சொல்கிறேன்.

பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி இருக்கும். டாக்டருக்கு வேர்க்கும், வேர்க்கட்டும். குழந்தை வந்த உடனே காய்ந்த, இதமான துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டு, தாயின் வெறும் நெஞ்சில் குப்புறப் படுக்கவைப்பார்கள். தலைக்குக் குல்லா, மேலே இன்னொரு காய்ந்த துணி. தொப்புள்கொடியை உடனே வெட்டமாட்டார்கள். ஒரு நிமிடமாவது, மூன்று நிமிடம் வரைக்கும்கூடப் பொறுப்பார்கள். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கிற ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும், பிற்பாடு ரத்தசோகை வராமல் காக்கும். நெஞ்சில் கிடக்கிற குழந்தை கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து தேட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிடும். எடை பார்ப்பது, ரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி போடுவது எல்லாம் அதற்கப்புறம். சிசேரியனிலும் தாய் விழித்திருந்தால் இதைச் செய்யலாம். செய்கிற இடங்கள் இருக்கின்றன. குழந்தையைக் குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழித்துத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். எந்த ஊர், எது என்பது வேண்டாம். தரை கண்ணாடி மாதிரி மின்னும். நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தாய் ஒரு அறையில், குழந்தை ஏ.சி. ஓடுகிற இன்னொரு அறையில் தொட்டிலில். பிறந்த ஐந்தாவது நிமிடமே வெளியே தூக்கிவந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அப்புறம் வெந்நீரில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டியிருந்தார்கள். "அம்மாவுக்கு இன்னும் பால் வரலை" என்று பாட்டிலில் பவுடர் பால் வேறு. பார்க்கக் குழந்தை பொம்மை மாதிரி அழகாக, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

என் புறங்கையைப் பாதத்தில் வைத்தேன். ஜில்லென்றிருந்தது. வயிற்றில் வைத்தேன். அதுவும் சூடாக இல்லை. தெர்மாமீட்டர் 35.8 காட்டியது, நம் வீட்டுக் கணக்கில் 96.4. குழந்தைக்கு 36.5 முதல் 37.5 வரை, அதாவது 97.7 முதல் 99.5 வரை இருக்கவேண்டும். "கத்திரி வெயில்ல குழந்தைக்கு எப்படிக் குளிரும்?" என்று என் தங்கை அழுதாள். குளிரும். ஈரத்தோடு வெளியே வருகிற, இரண்டே முக்கால் கிலோ உடம்புக்கு நமக்கு இதமாக இருக்கிற அறையே குளிர். சட்டையைக் கழற்றிவிட்டு, தாயின் நெஞ்சோடு ஒட்டிப் படுக்கவைத்து மேலே போர்த்தினோம். ஒரு மணி நேரத்தில் 36.6. அதற்குள் தானாகவே பாலும் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். அதனால்தான் இந்தச் சோதனையை வீட்டில் ஒருவராவது கற்றுவைத்திருக்கவேண்டும் என்கிறேன். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் சூடு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் ஜில் என்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே நெஞ்சோடு சேருங்கள். இரண்டும் ஜில் என்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்கக்கூடாது.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. சேனை வைப்பது அதில் முதல். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் முதல் வாயில் தொட்டு வைக்கிறோம். தொற்றுக்கு அது ஒரு வாசல். சீம்பாலை அது தள்ளிப்போடவும் செய்யும். அம்மாவைப் பெற்ற ஆயாவும் அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும் இரண்டு பக்கமும் நின்று கேட்கும்போது, "இல்லைங்க ஆச்சி, முதல்ல அம்மா பால்தான். குணமும் அம்மாகிட்ட இருந்தே வரட்டுமே" என்று சிரித்துக்கொண்டே தடுத்த ஒரு சின்னப் பெண் நர்ஸை நான் பார்த்திருக்கிறேன். வீட்டாருக்குப் பயந்து கண்டும் காணாமல் போகிற ஆஸ்பத்திரியைவிட, இப்படித் தடுக்கிற ஆஸ்பத்திரியில் பிள்ளை பத்திரம்.

நான்காம் படி: வார்டில் இருக்கும் நாட்கள்

குழந்தை தாயின் கட்டிலிலேயே, தாய் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒருவராவது வந்து, குழந்தை பால் குடிப்பதை உட்கார்ந்து பார்க்கவேண்டும். "பால் கொடுக்குறீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவது பார்ப்பது ஆகாது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறதா, மார்புக் காம்பைச் சுற்றிய கருவளையம் உள்ளே போயிருக்கிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா என்று பார்த்துத் திருத்தவேண்டும்.

எடையைத் தினம் எழுதுகிறார்களா? முதல் சில நாளில் பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். முதல் மலம் 24 மணி நேரத்துக்குள் போனதா, சிறுநீர் எத்தனை தடவை என்று நர்ஸ் கேட்டு எழுதிக்கொண்டால் அந்த இடத்தில் வேலை நடக்கிறது. பி.சி.ஜி., போலியோ சொட்டு, காமாலை பி தடுப்பூசி மூன்றும் டிஸ்சார்ஜுக்கு முன் போட்டாகவேண்டும். காமாலை பி ஊசி மட்டும் 24 மணி நேரத்துக்குள்.

மஞ்சள் பற்றி: மூன்றாம் நாள் கொஞ்சம் மஞ்சள் தட்டுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ அது ஆபத்து. ரத்தத்தில் அளவு பார்த்து, தேவையானால் நீல விளக்கில் வைப்பார்கள். அப்போது கண்ணை மூடிக் கட்டியிருக்கவேண்டும், பால் கொடுப்பது நிற்கக்கூடாது. "காலை வெயில்ல காட்டுங்க, போயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெயில் இதற்கு மருந்தில்லை.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஏழு நாள் சாப்பாட்டோடு இலவசமாகத் தங்கலாம். 2011இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ்.கே. திட்டத்தின் உரிமை இது. மருந்து, பரிசோதனை, ரத்தம் எதற்கும் காசில்லை. சுகப்பிரசவமாகவே இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பவேண்டாம்.

பார்க்க வருகிற கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிற செக்யூரிட்டியிடம் சண்டை போடாதீர்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில் சொந்தமும் ஒரே நாளில் வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவதை அனுமதிக்கிற ஆஸ்பத்திரிதான் சண்டைக்கு உரியது.

ஐந்தாம் படி: குழந்தையை என்.ஐ.சி.யு.வில் வைத்துவிட்டால்

இங்கேதான் குடும்பம் மிரண்டுபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். தலையாட்டுங்கள், ஆனால் நான்கு விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, நர்ஸ் எண்ணிக்கை. எஸ்.என்.சி.யு. என்றால் ஒரு ஷிஃப்டில் மூன்று நான்கு குழந்தைக்கு ஒரு நர்ஸ். வென்டிலேட்டர் குழந்தை என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கவேண்டும். ராத்திரியில் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு குழந்தைக்கு ஒரே நர்ஸ் என்றால் எத்தனை மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, உங்களை உள்ளே விடுகிறார்களா? கை கழுவி, கவுன் போட்டு, தாய் மட்டுமல்ல, தகப்பனும் உள்ளே வந்து குழந்தையைத் தொட்டுப் பராமரிக்க 2017ஆம் ஆண்டிலிருந்தே தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாரக்கணக்கில் எட்டிப் பார்க்கவைக்கிற முறை பழையது.

மூன்றாவது, கங்காரு முறை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவைப்பது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய பழக்கம். 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில், அதில் இந்தியாவும் ஒன்று, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் இப்போது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வைக்கச் சொல்கிறது. அதற்குச் சாய்வு நாற்காலியும் தாய் தங்க இடமும் உண்டா என்று பாருங்கள். வேட்டியைத் தளர்த்திக் கட்டி நெஞ்சில் பேரனை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஐயாவை எங்கள் வார்டில் எல்லாருக்கும் பிடிக்கும். தாத்தா வைத்தாலும் சூடு சூடுதான்.

நான்காவது, ஆக்ஸிஜனும் கண்ணும். குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்போது மானிட்டரில் 90 முதல் 95 வரை நிற்கவைப்பார்கள். 100 காட்டுகிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். அதுதான் தப்பு. அளவுக்கு மீறிய ஆக்ஸிஜன் விழித்திரையைக் கெடுக்கும். 34 வாரத்துக்கு முன்னாலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, நான்கு வாரத்துக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாகவேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் அதற்கும் முன்னாலேயே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கு வசதி உண்டு. தேதி தவறினால் பார்வை போகலாம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இது போக, தினமும் ஒரு தடவை டாக்டர் உட்கார்ந்து பேசுகிறாரா? எந்த ஆண்டிபயாடிக், எதற்காக, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை முடிவு வந்ததா, கிருமி இல்லையென்றால் நிறுத்துவீர்களா என்று கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்கிறாரா? உலக சுகாதார நிறுவனம் 2016இல் தாய் சேய் கவனிப்புக்கு வகுத்த எட்டுத் தரநிலைகளில், புரியும்படி பேசுவதும் மரியாதையும் மனத் தெம்பும் தனித்தனித் தரநிலைகள். பேசுவது டாக்டரின் குணத்தைப் பொறுத்த விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் சிகிச்சைதான்.

தனியாரில் செலவு தலைக்கு மேல் போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டுவைத்தால் அப்போது அலையவேண்டாம்.

ஆறாம் படி: எப்படி அனுப்புகிறார்கள்?

ஒரு கோடையில் எங்கள் வார்டு வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஏ.சி. முழு வேகத்தில். தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிய குழந்தை, பக்கத்தில் தகப்பனும் ஒரு மாமாவும் மட்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டு, "மேல் சிகிச்சைக்கு" என்று இரண்டு வார்த்தை. எந்த மருந்து கொடுத்தார்கள், எப்போது பிறந்தது, ஒன்றும் இல்லை. குழந்தை ஐஸ் கட்டி மாதிரி வந்தது, சர்க்கரை அளவும் தரையில் கிடந்தது. பிழைத்துவிட்டது, ஆனால் ஒரு நாள் முழுக்கப் போராடினோம்.

முறையாக அனுப்புகிற இடம் முதலில் போன் செய்து படுக்கை இருக்கிறதா என்று கேட்கும். விவரமான கடிதம் தரும். கிளம்பும் முன் சூடு, சர்க்கரை, மூச்சு மூன்றையும் சரிபார்க்கும். 108இல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த ஆம்புலன்ஸ் உண்டு, அதைக் கேட்கும். அது வரத் தாமதமானால் குழந்தையைத் தாயின் அல்லது பாட்டியின் நெஞ்சில் கட்டி அனுப்பும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "குழந்தைக்கு ஏதாவதுன்னா எங்கே அனுப்புவீங்க, எதுல அனுப்புவீங்க?" "அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்று சிரிக்கிற இடத்தைவிட, உடனே ஊர் பெயரும் வண்டி ஏற்பாடும் சொல்கிற இடத்தை நம்புங்கள்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கிளம்பும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பிறந்த எடை, கிளம்பும்போது எடை, தலைச் சுற்றளவு, ரத்த வகை, வைட்டமின் கே, தடுப்பூசிகள், மஞ்சள் அளவு, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் இருக்கவேண்டும். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். காதுப் பரிசோதனையை ஒரு மாதத்துக்குள்ளாவது முடித்துவிடவேண்டும். இதயக் குறையைக் கண்டுபிடிக்க, 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. செய்கிற இடம் தரமான இடம்.

ஆபத்து அறிகுறிகளை வாயால் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களா? பால் குடிக்காமல் போவது, வலிப்பு, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, காய்ச்சல் அல்லது உடம்பு ஜில்லிடுவது, தொட்டால் மட்டும் அசைவது, உள்ளங்கால் மஞ்சள். இதில் ஒன்று வந்தாலும் கைமருந்து பார்க்கக்கூடாது, வண்டி எடுக்கவேண்டும். தொப்புளில் எதுவும் வைக்கவேண்டாம், காய்ந்தாலே விழுந்துவிடும். மூக்கில் எண்ணெய், வாயில் உரைமருந்து, சாம்பிராணிப் புகை மூன்றையும் வீட்டு வாசலோடு நிறுத்திவிடச் சொல்லி, அழைத்துப் போக வந்த பாட்டிமாரிடமே பேசுகிற நர்ஸ் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிட 102 வண்டி இலவசம். வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்து பார்ப்பார். உங்கள் முகவரி தாய் வீட்டு முகவரி என்பதை அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர் மாப்பிள்ளை ஊரில் தேடிக்கொண்டிருப்பார்.

குறை இருந்தால் முதலில் அங்கேயே, எழுத்தில் கொடுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. அதற்கு மேலே என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். அரசு, தனியார் இரண்டுக்கும் அங்கே போகலாம். 104க்கு போன் செய்தும் சொல்லலாம். கோபத்தில் கண்ணாடியை உடைப்பதால் அடுத்த குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. தேதியும் நேரமும் போட்டு எழுதிய ஒரு பக்கத்துக்குப் பலன் உண்டு.

கடைசியாக ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் அவசரத்துக்கு என்று ஒரு போன் எண் இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, படுக்கப் போகும் முன் அந்த எண்ணை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது எடுத்து, "குழந்தை பால் குடிக்குதா, ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்டால் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தால், அன்றைக்கே வேறு ஒரு குழந்தை மருத்துவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.